சரிவான செம்மண் நிலத்தில் மழைக்கு மண் அரித்துப் போகிறது; தென்னை நார்க்கழிவைப் போட்டால் நிற்குமா?

நிற்கும், ஆனால் மக்க வைக்காமல் போடாதீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்கு உள்ள இரண்டு ஏக்கர் சரிவு நிலத்தில், கயிற்று ஆலையிலிருந்து இலவசமாகக் கிடைத்த பச்சைக் கழிவை அப்படியே கொட்டி உழுது மக்காச்சோளம் விதைத்தேன். முழங்கால் உயரத்திலேயே பயிர் மஞ்சள் பாரித்து நின்றுவிட்டது. பச்சை நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1 என்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போட்டுவிடுகின்றன.

டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, நிழலில், ஈரம் காயாமல் 60 நாள் வைத்திருந்தால் அந்த விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறை. கழிவு கறுத்து மண்வாசம் வந்தபின் ஹெக்டேருக்கு 5 டன் இடலாம்.

அரிப்பு ஓடும் நீரில் தொடங்குவதில்லை. வெற்று மண்மீது விழும் மழைத்துளியில் தொடங்குகிறது. துளி கட்டியை உடைக்க, நுண்ணிய களி மண்துளைகளை அடைத்து மேலே ஓடு போல இறுகிவிட, இறங்க வழியற்ற நீர் சரிவில் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மக்கிய உரத்தை உண்டு வளரும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் மண்துகள்களைக் கோத்துப் பிடிப்பதால், கட்டி எளிதில் உடைவதில்லை. உரமிடுவதன் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான். சத்து அதற்கு அடுத்தபடிதான்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நார்க்கழிவு எடை குறைந்தது, மிதக்கக்கூடியது. மேலாகத் தூவினால் முதல் கனமழையே அதை ஓடைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே உரத்தை மேல்மண்ணில் கலந்துவிட்டு, அதன்மேல் தென்னை ஓலையையோ சோளத்தட்டையோ சரிவுக்குக் குறுக்காக மூடாக்காகப் பரப்புங்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போடும் சம உயர வரப்பும் அதன்மேல் வெட்டிவேரும் இருந்தே ஆகவேண்டும். உரம் அவற்றுக்கு மாற்றாகாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, உரமிட்ட இடத்திலும் இடாத இடத்திலும் ஒவ்வொரு காய்ந்த மண்கட்டி எடுத்துத் தண்ணீருள்ள கண்ணாடிக் குவளைகளில் மெதுவாக இறக்குங்கள். எங்கள் நிலத்தில் மூன்றாம் ஆண்டில்தான், உரமிட்ட பகுதியின் கட்டி கரையாமல் முழுதாக நின்றது.