சங்கிலியை அடகு வைத்துக் கணிதப் பயிற்சி வகுப்பா?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் வருடம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டுமாம். பயிற்சி வகுப்புக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கவா, தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கவா? என் அண்ணன், “பி.எட். போட்டுவிடு, போதும்” என்கிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. இரண்டு வட்டி என்றால் 40,000 ரூபாய்க்கு மாதம் 800, வருடத்துக்கு 9,600. அவ்வளவும் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும்.

அந்த 40,000-ஐ நான் தடுப்பதற்கு வட்டி மட்டும் காரணமில்லை. வகுப்பில் உட்கார்ந்து கேட்பதால் மட்டும் இந்தக் கணிதம் வராது. இன்று இரவு மகளை நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள். ‘ஓர் எல்லையைத் தாண்டாமல் ஏறிக்கொண்டே போகும் எண்வரிசை (தொடர்முறை) ஏன் ஒரே எண்ணை நெருங்கும் (ஒருங்கும்)?’ என்று வெள்ளைத்தாளில் அவளாக நிறுவட்டும். செமஸ்டரில் 90 மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலர் இங்கே மூன்றாவது வரியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தேற்றத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். ‘ஏன்’ என்று கேட்டால் பேச்சு வராது. பள்ளிக் கணக்கில் விடை வந்தால் முடிந்தது. கல்லூரியில் ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா போன்ற பாடங்களில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார்கள், அது ஏன் உண்மை என்று காட்டுவதுதான் படிப்பே. பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அவள் உட்கார்ந்திருந்தால் கவலைப்படாதீர்கள், அந்த நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து யாருக்காவது பீடி சுற்றக் கை பழகியிருக்கிறதா? இதுவும் அப்படித்தான்.

பாடம் கேட்க, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையக் காணொளிகள் இலவசம். ஜாம் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எம்.டி.டி.எஸ். என்று 1993 முதல் கோடையில் ஒரு கணிதப் பயிற்சி முகாம் நடக்கிறது. தேர்வானால் கட்டணம் கிடையாது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். தானாக யோசிக்கப் பழக்குவதுதான் அங்கே வேலை. கட்டாயம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக எம்.எஸ்ஸி., பி.எட். இரண்டும் வேண்டும். பி.எட். பிறகும் படிக்கலாம். எம்.எஸ்ஸி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி கிடைத்து, பிஎச்.டி.யில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஜாம் கைகூடாவிட்டால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். வெளியூரில் இடம் கிடைத்தால் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. முடிந்தால் அந்த நாட்களில் வட்டியை மட்டும் கட்டி வாருங்கள், பின்னால் சுமை குறையும்.

அப்புறம், உங்கள் பீடித் தொழிலாளர் அட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. படிப்பைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். உதவித்தொகைக்கான அட்டையும் வருமானச் சான்றும் இப்போதே கையில் இருக்கட்டும்.