கௌச்சோ படத்துக்கு ஐந்து நிமிட முன்னுரை: என்ன பேசலாம்?

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் 'அபஷாய்' (2010) என்ற அர்ஜென்டினப் படத்தைத் திரையிடுகிறோம். குதிரை, பழிவாங்கல் என்றதும் எல்லோரும் கௌபாய் படம் என்றே நினைக்கிறார்கள். முன்னுரையில் என்ன சொல்வது? சிறுவர்களை அழைக்கலாமா?

பதில்: கௌச்சோ என்றால் அர்ஜென்டினாவில் குதிரையேறி மாடு மேய்ப்பவன். அதனால் கௌபாய் படம் என்று நினைத்து வந்தால் வரட்டும், தப்பில்லை. இயக்குநர் ஃபெர்னாண்டோ ஸ்பினெர் அந்தப் பாணியைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். கொள்ளையர் கையில் அப்பாவைப் பறிகொடுத்த பையன், வளர்ந்து திரும்பி வருகிறான். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவைக் கொன்ற அபஷாயின் விரதத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பையனின் கண்ணில் தெரிந்த பயம் அவனை விடுவதாக இல்லை. இனி குதிரையை விட்டு இறங்குவதில்லை என்று முடிவெடுக்கிறான். பின்னணி தெரியாதவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். 5ஆம் நூற்றாண்டில், சிரியாவில் சிமியோன் என்ற துறவி முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தூண் உச்சியிலேயே தவமிருந்தார். பலர் அவர் வழியில் தூண் ஏறினார்கள். படத்துக்கு மூலமான சிறுகதையில் ஒரு பாதிரியார் இதைப் பிரசங்கத்தில் சொல்ல, அபஷாய் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனிடம் தூண் ஏது? குதிரைதான் இருக்கிறது. அப்புறம் ஊர் ஏழைகள் அவனையே சாமியாக்கிவிடுகிறார்கள்.

இதுவும் வெறும் சினிமாக் கற்பனை இல்லை. கௌச்சித்தோ கில் என்பவர் படையை விட்டு ஓடியதற்காகக் கொல்லப்பட்ட கௌச்சோ என்பது கர்ணபரம்பரைக் கதை. திருச்சபை அவரைப் புனிதராக ஏற்கவில்லை. ஆனாலும் அர்ஜென்டின நெடுஞ்சாலை ஓரங்களில் சிவப்புக் கொடி கட்டிய அவருடைய சிறு கோயில்களைப் பார்க்கலாம். கொரியென்டஸ் மாகாணத்து மெர்சேதெஸ் ஊருக்கு அருகில், ஜனவரி 8 அன்று பெருங்கூட்டம் கூடும்.

அந்த மூலக்கதையை எழுதிய அன்டோனியோ டி பெனெடெட்டோவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் கைதாகி, ஒரு வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்தவர். அங்கே கதை எழுத விடமாட்டார்கள். அதனால் 'நேற்று ஒரு கனவு கண்டேன்' என்று கடிதத்தில் கதைகளை எழுதி வெளியே அனுப்பினார். 1978இல் வந்த 'அப்சுர்தோஸ்' தொகுப்பில்தான் இந்தக் கதை இருக்கிறது. குற்றவுணர்ச்சியையும் தண்டனையையும் பற்றி இப்படி எழுதியவர் எங்கே இருந்தார் என்பது பார்வையாளர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

மற்றதெல்லாம் சுருக்கமாகப் போதும். கௌச்சோ என்றால் பம்பாஸ் புல்வெளி என்று எதிர்பார்ப்பார்கள். இது துகுமான் மாகாணத்தின் அமைச்சா டெல் வாஷே பகுதியில் எடுத்த படம். வறண்ட மலை, ஆளுயரக் கள்ளி. சண்டைக்கு 'ஃபகோன்' என்ற நீளக் கத்தி. பொதுவாக இடுப்பின் பின்பக்கம் செருகியிருப்பார்கள். கத்திச் சண்டை என்று வந்தால் போஞ்சோ என்ற மேல்போர்வையை இடது கையில் சுற்றிக் கேடயமாக்குவது கௌச்சோ வழக்கம். அந்த இடது கையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சிறுவர்கள் வேண்டாம். ரத்தம் அதிகம், கொடூரமாகவே காட்டியிருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வரலாம். மூலக்கதை படித்தவர்கள் கூட்டத்தில் இருந்தால், அபஷாய் கடைசியில் இறங்குகிறானா இல்லையா என்ற பேச்சைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.