ஆஸ்பெர்கர் உள்ளவர்களைப் படங்கள் சரியாகக் காட்டுகின்றனவா? வண்ணாரப்பேட்டையில் எடுக்கும் குறும்படத்துக்கு எப்படி எழுதலாம்?

பெரும்பாலும் சரியாகக் காட்டுவதில்லை. ஆஸ்பெர்கர் என்பது ஆட்டிசத்தில் ஒரு வகை. 1988-இல் வந்த 'ரெயின் மேன்' முதல் ஆட்டிசம் என்றாலே மின்னல் வேகக் கணக்கு, அபார ஞாபகசக்தி என்றாகிவிட்டது. அந்தத் திறமை சிலருக்குத்தான் உண்டு. பாத்திரங்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பலர் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து அவர்களைப் போலவே நடந்து சமாளித்துவிடுவதால், அவர்களுக்கு ஆட்டிசம் இருப்பது தாமதமாகத்தான் தெரியவருகிறது. அதனால் உங்கள் பாத்திரம் பெண்ணாக இருந்தால் நல்லது.

எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதாக எழுதாதீர்கள். வேலையை ஒலிக்கலவையில் செய்யுங்கள்: ஹாரன், ஜெனரேட்டர், துணிக்கடைக்காரரின் கூவல், அம்மாவின் பேச்சு நான்கையும் ஒரே அளவில் வையுங்கள். தேவையில்லாத சத்தத்தை ஒதுக்க அவளால் முடியவில்லை என்பது பார்ப்பவருக்கே புரியும். கடையில் அடக்கிக்கொண்டவள் வீட்டுக்கு வந்தபின் உடைந்து அழட்டும். அது கோபமோ அடமோ அல்ல. தாங்கும் அளவு தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

"இன்னாமா, கண்ணப் பாத்து பேசு" என்று ஒருவர் சொன்னால் அவள் அவர் புருவத்தைப் பார்க்கலாம். கேரம் பிடிக்கும் என்றால், ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக்கூடாது என்று ஆரம்பித்து, எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்ட பிறகும் தொடரட்டும்.

மனநல டாக்டர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு ஆஸ்பெர்கரை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. எனவே டாக்டர் வசனத்தில் 'ஆட்டிசம்' என்றே எழுதுங்கள். படப்பிடிப்புக்கு முன், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இருவரிடமாவது கதையைக் காட்டி, சம்பளம் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள்.