பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் நிஜமாகவே பசுமையானதா? எப்படி மதிப்பிடுவது?

கேள்வியைப் பார்த்தால் கல்லூரியின் கடைசி வருட ஆய்வுக்குக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் சான்றிதழின் தரம் பிளாட்டினமா, கோல்டா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வருட கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கி, மொத்த யூனிட்டைத் தரைப்பரப்பால் வகுத்துப் பாருங்கள். நம் மலேசியாவில் சாதாரண அலுவலகக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு வருடம் 200 யூனிட்டை ஒட்டி வரும். புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைர வடிவக் கட்டடம் 70ஐ ஒட்டித்தான் எடுத்தது.

நான் ஆர்கிடெக்ட் இல்லை. கோலாலம்பூரில் கோல்ட் வாங்கிய ஓர் அலுவலகக் கோபுரத்தில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். சான்றிதழே ஏமாற்று என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2009இல் வந்த ஜிபிஐ (பசுமைக் கட்டடக் குறியீடு) என்ற நம் நாட்டுச் சான்றிதழ் முறையில் புது அலுவலகக் கட்டடத்துக்கு 100 புள்ளியில் 35 எரிசக்திக்கே போகிறது. அது சரியான முடிவுதான். ஆனால் ஆள் குடிவந்த பிறகு நடப்பது வேறு கதை.

எங்கள் கட்டடத்தில் வெளிச்சம் கூடினால் சென்சார் விளக்கை மங்கவைக்கும். மேற்குப் பக்க மாடி ஒன்றில் மட்டும் பட்டப்பகலில் எல்லா விளக்கும் முழுசாக எரிந்தது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் சென்சார் கண்மேல் மாஸ்கிங் டேப்! பிய்த்தெடுத்தேன்; மறுபடியும் ஒட்டினார்கள். அந்த ஆபீஸ் அக்காவிடம் கேட்டேன்.

"தம்பி, மூணு மணி வெயில் மானிட்டர்ல அடிக்குது, பிளைண்ட்ஸ இறக்குறோம். இறக்கினா இருட்டு. உங்க சென்சாருக்கு இது தெரியுமா?"

தெரியாதுதான். அது ஜன்னலை ஒட்டி இருந்தது, இவர்கள் மேசை உள்ளே தள்ளி. சென்சாரை உள்ளே மாற்றி, மங்கும் அளவைக் குறைத்து, வெயில் இறங்கியதும் பிளைண்ட்ஸை ஏற்றச் சொன்னேன். அதற்கப்புறம் டேப் வரவில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால் இதெல்லாம் கண்ணில் படுமா? ஆய்வுக்குப் போகும்போது மாடி மாடியாக ஏறி, அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கும்போது கன்சல்டன்ட் வருவார், படம் எடுப்பார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் கை மாறும்போதெல்லாம் அதே ஆள், அதே வேலை, ஆனால் புது ஆளாகக் கணக்கு. வருட விடுப்பு முதலிலிருந்து ஆரம்பம். பசுமைக்குப் புள்ளி போடுபவர்கள் அந்தக் கட்டடத்தை ஓட்டுபவர்களுக்கும் ஒரு புள்ளி வைக்கட்டும்.