ஹேண்ட்லரில் எழுந்த எக்ஸெப்ஷன் எங்கே போகிறது? கேள்வி பதில்

கேள்வி: சார், சி ஷார்ப் விண்டோஸ் ஃபார்ம்ஸில் பில் போடும் திரை ஒன்று. வரிசைகளைக் காட்டும் கிரிட் காம்பொனன்ட் வெளியில் வாங்கியது. அளவை மாற்றினால் மொத்தமும் மாற வேண்டும். சில வரிசைகளில் மாறுகிறது, சிலவற்றில் அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தியே வருவதில்லை. கிரிட்டில் கோளாறா?

பதில்: உங்கள் ஹேண்ட்லரில் (அளவு மாறுவது போன்ற நிகழ்வு நடந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எக்ஸெப்ஷன், அதாவது ஓடும்போது வரும் பிழை, எழுகிறது, கிரிட் அதை விழுங்கிவிடுகிறது என்றுதான் படுகிறது. ஹேண்ட்லரை எழுதியது நீங்கள், கூப்பிடுவது கிரிட். கிரிட்டை எழுதியவர்கள் கூப்பிடும் இடத்தைச் சுற்றிப் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் போட்டு, கேட்ச் பகுதியைக் காலியாக விட்டிருந்தால், எக்ஸெப்ஷன் அங்கே போய் அடங்கிவிடும். எழுந்த வரிக்குக் கீழே எதுவும் ஓடாது, திரை மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். நிரல் விழுந்துவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் நம் நிரலில் வந்த பிழையை நம்மிடமே மறைக்க ஒரு காம்பொனன்ட்டுக்கு உரிமை கிடையாது. சரி, மாறாத வரிசைகளில் என்ன எண்கள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கும் இதே தொல்லை. எங்கே எழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பின்னால் விழுங்கப்பட்டாலும், எழும் நொடியில் அதைப் பிடிக்கலாம் தம்பி. விஷுவல் ஸ்டுடியோவில் கன்ட்ரோல், ஆல்ட், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸெப்ஷன் செட்டிங்ஸ் திறக்கும். காமன் லாங்குவேஜ் ரன்டைம் எக்ஸெப்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு ஓட்டுங்கள். எழுந்த இடத்திலேயே நிற்கும். நம் நிரலை மட்டும் காட்டும் ‘ஜஸ்ட் மை கோட்’ வசதியை அணைத்துவிட்டால், கால் ஸ்டாக்கில் (எது எதைக் கூப்பிட்டது என்ற வரிசை) கிரிட்டின் உள் ஃபங்ஷன்களும் தெரியும்.

வாடிக்கையாளர் கணினியில் மட்டும் வருகிறது என்றால் விஷுவல் ஸ்டுடியோவின் டீபக்கர் (நிரலை நிறுத்திப் பார்க்கும் கருவி) உதவாது. 2010இல் டாட்நெட் 4 வந்தபோது, நிரல் ஓடும் சூழலைக் குறிக்கும் ஆப்டொமைன் கிளாஸில் ஃபர்ஸ்ட்சான்ஸ்எக்ஸெப்ஷன் என்ற ஈவண்ட் சேர்ந்தது. யார் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், எந்தக் கேட்ச் பகுதியும் ஓடுவதற்கு முன்பே இது கூப்பிடப்படும். இதில் பிழையைப் பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் எக்ஸெப்ஷனோடு வரும் ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த வழி) முழுமையாக இருக்காது. என்விரான்மென்ட் கிளாஸின் ஸ்டாக்ட்ரேஸை எழுதினால்தான் ஹேண்ட்லர் வரை வழி தெரியும். அந்தப் பதிவு நிரலே எக்ஸெப்ஷன் எழுப்பினால் திரும்பத் திரும்பத் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும், அதனால் அதை மிக எளிமையாக வையுங்கள்.

கேள்வி: அப்ளிகேஷன் த்ரெட்எக்ஸெப்ஷன் ஈவண்டை ஏற்கெனவே வைத்திருக்கிறேன். அதில் ஏன் வரவில்லை?

பதில்: யாரும் பிடிக்காதவை மட்டும்தான் அதில் வரும். காலியான கேட்ச்சும் ரன்டைம் (நிரலை ஓட்டும் டாட்நெட்) கணக்கில் பிடித்ததுதான்.

கேள்வி: என்னிடம் வெளிக் காம்பொனன்ட்டே இல்லை. ஃபார்ம், அதாவது திரை, திறக்கும்போது வரும் லோட் ஈவண்டிலேயே எக்ஸெப்ஷன் காணாமல் போகிறது.

பதில்: 64 பிட் விண்டோஸ் 7இல் 32 பிட் நிரலை டீபக்கரோடு ஓட்டியவர்கள் பலரையும் படுத்திய விஷயம் இது. லோட் ஈவண்ட் விண்டோஸின் உள்மையமான கர்னல் வழியாகத் திரும்பி வரும் அழைப்புக்குள் ஓடுகிறது. அந்த எல்லையைத் தாண்ட முடியாமல் எக்ஸெப்ஷன் தொலைந்துவிடுகிறது. அந்த வேலையை, திரை தெரிந்த பிறகு வரும் ஷோன் ஈவண்டுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அப்போ ஒவ்வொரு ஹேண்ட்லரிலும் ட்ரை-கேட்ச் எழுத வேண்டுமா அக்கா? முப்பது ஹேண்ட்லர் இருக்கிறது.

பதில்: (இங்கே பதில் சொல்வது அண்ணன்தான்!) முப்பது முறை எழுத வேண்டாம். ஆக்‌ஷன் (ஓட்ட வேண்டிய நிரல் துண்டு) ஒன்றை வாங்கி, ட்ரைக்குள் ஓட்டி, பிழை வந்தால் பதிவு செய்து பயனருக்கும் காட்டும் ஒரே ஃபங்ஷன் போதும். ஆனால் உள்ளே அசிங்க் லாம்டா (இடையில் காத்திருந்து ஓடும் பெயரில்லா ஃபங்ஷன்) கொடுத்தால் அது எதையும் திருப்பித் தராத அசிங்க் வாய்டாக மாறிவிடும், ட்ரை அதைப் பிடிக்காது. அதற்கு டாஸ்க் (முடியும்வரை காத்திருக்கக்கூடிய வேலை) திருப்பித் தரும் தனி வடிவம் எழுதி, உள்ளே அவெய்ட் செய்யுங்கள்.

கேள்வி: சார், முதலில் கேட்டவன்தான். அளவு 900 இருந்தால் மொத்தம் மாறுகிறது. 1,200, 2,500 வரிசைகளில் மாறவில்லை.

பதில்: கமாதான். கிரிட் காட்டும் எழுத்தை எடுத்து, எழுத்தை முழு எண்ணாக மாற்றும் இன்ட் பார்ஸுக்குக் கொடுத்திருப்பீர்கள். அது இயல்பில் கமாவை ஏற்காது, ஃபார்மட் எக்ஸெப்ஷன் எழுப்பும். செல்லில் தெரியும் எழுத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் மதிப்பை நேரடியாக எடுங்கள். அப்புறம், ஏற்கெனவே சேமித்த பில்களில் அளவு ஆயிரமோ அதற்கு மேலோ உள்ளவற்றை எடுத்து மொத்தத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். டேட்டாபேஸில் பழைய தொகையே பதிவாகியிருக்கலாம்.