பட்டறைக் கேள்வி பதில்: பேண்ட்சா தட்டை வீட்டிலேயே செய்வது எப்படி?

கேள்வி: அண்ணே, நவராத்திரிக் கொலுவுக்குச் சின்னச் சின்ன மரப் பொம்மைகள் செய்கிறேன். தேர்ச் சக்கரம், யானைத் தும்பிக்கை என்று பேண்ட்சாவில் (மேலும் கீழும் உள்ள சக்கரங்களில் பிளேடு வளையமாகச் சுற்றும் மரம் அறுக்கும் மிஷின்) அறுக்கும்போது வெட்டுத் துண்டுகள் பிளேட்டுப் பக்கத்தில் இருக்கும் ஓட்டைக்குள் விழுந்து கீழே மாட்டிக்கொள்கின்றன. மரத்தின் அடிப்பக்கமும் பிசிறு பிசிறாக வருகிறது. பிளேடு புதுசுதான். என்ன செய்யலாம்? (ஈசூன் வாசகர்)

பதில்: பிளேடு மேல் தப்பு இல்லை. மேசை நடுவில் பிளேட்டைச் சுற்றி ஒரு வட்டத் தட்டு இருக்கிறதே, அதைக் கழற்றிப் பாருங்கள். எல்லா அகல பிளேட்டும் போக வேண்டும், மேசையைச் சாய்த்தும் அறுக்க வேண்டும் என்பதால் அதன் துவாரத்தைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். பிளேடு மேலிருந்து கீழே இழுத்து அறுக்கிறது, பல் மரத்தை விட்டு வெளியேறும் இடத்தில் அடியில் தாங்கல் இல்லையென்றால் நார் பிய்ந்துகொண்டுதான் வரும். பிசிறைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். உள்ளே விழும் துண்டு கீழ்ச் சக்கரத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவில் புகுந்தால் பிளேடே சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும், சக்கரத்தின் ரப்பர் பட்டையும் கெடும்.

துவாரம் பிளேட்டை ஒட்டியே இருக்கிற மாதிரி ஒரு தட்டை நீங்களே செய்துகொள்ளுங்கள். பழைய தட்டைத் தாளில் வைத்து வரைந்து, விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். டிரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல் சா போட்டு வட்டம் எடுத்தால் சுலபம்தானே என்று தோன்றும், ஆனால் அது நடுவில் ஒரு ஓட்டை விட்டுவிடும். பிளேடு வரப்போவதே அந்த நடுவில்தான், அப்புறம் எதற்கு இந்தப் பாடு? பேண்ட்சாவிலேயே கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மீதியை உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவாருங்கள். 60 மி.மீ. அளவு வட்டத்துக்கு 6 மி.மீ. பிளேடு நன்றாக வளையும், 12 மி.மீ. பிளேடு வளையாது.

அடுத்தது பிளேடு போகும் வெட்டு. இதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். பழைய தட்டைக் கழற்றிவிட்டுப் புதுத் தட்டைப் பிளேட்டுக்குள் தள்ளினால், பாதி வழியில் அது குழிக்குள் விழும், மிஷினோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் பழைய தட்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும், அதன் மேல் புதுத் தட்டை வைத்துத் தள்ளுங்கள். சின்னத் தட்டு என்பதால் விரலால் தள்ளவே கூடாது. நீளமான கட்டையில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி ஒரு வெட்டு வைத்து, தட்டு அதில் உட்கார்ந்திருக்கத் தள்ள வேண்டும். பழைய தட்டின் பின் விளிம்பிலிருந்து பல் நுனிவரை எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே அளந்து புதுத் தட்டில் குறித்திருந்தால், அந்தக் கோட்டில் நிறுத்திவிடலாம். மிஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பிளேடு முழுதாக நின்ற பிறகு தட்டை உங்கள் பக்கம் இழுத்து எடுங்கள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால், வெட்டு பிளேட்டுக்குப் பின்னால் போய்விடும், பல்லுக்கு முன்னால் இடைவெளியே இருக்காது.

கேள்வி: பிளைவுட் போதுமா, அக்ரிலிக் வேண்டுமா? சமையல் கட்டில் காய் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் செய்யலாமா? (செங்காங் வாசகர்)

பதில்: அந்த வெள்ளைப் பலகைதான் என் முதல் தேர்வு. பிளைவுட்டும் வேலை செய்யும், ஆனால் நம் சிங்கப்பூர் ஈரத்தில் அதை நம்ப முடியாது. இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயில் அடிக்கும் மத்தியானத்தில் 60 பக்கம் இறங்கும். ஒரு டிசம்பர் மழைக்காலத்தில் நான் இறுக்கமாகப் பொருத்திய பிளைவுட் தட்டு ஊதிப்போய்க் குழிக்குள் அப்படியே பிடித்துக்கொண்டது, கடைசியில் உளி வைத்து உடைத்துத்தான் எடுத்தேன். இரண்டு நாள் வேலை போச்சு. அன்றிலிருந்து எந்தத் தட்டாக இருந்தாலும் பிளேட்டை விட்டுத் தள்ளி 8 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுகிறேன், ஒரு கம்பியை வளைத்து அதில் மாட்டி இழுத்தால் வந்துவிடும்.

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் 3 மி.மீ. அக்ரிலிக் துண்டுகள் கிடைக்கும். வழவழப்பாக இருக்கும், ஆனால் சூடேறினால் உருகிப் பிளேட்டிலேயே ஒட்டும், அவசரப்பட்டு அறுத்தால் ஓரம் தெறிக்கும். அழுத்தாமல் சீராகத் தள்ளுங்கள்.

எதில் செய்தாலும் தட்டு மேசைக்குச் சமமாக உட்கார வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு இழை உயர்ந்திருந்தாலும் மரம் முட்டி நிற்கும், ஒரு இழை தாழ்ந்திருந்தால் பரவாயில்லை. தடிமன் கூடினால் கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்க்கலாம். குறைந்தால் மாஸ்கிங் டேப்பைத் தட்டின் அடியில் ஒட்டாதீர்கள், காய் வெட்டும் பலகையில் டேப் நிற்காது. குழிக்குள் இருக்கும் இரும்பு விளிம்பில் ஒட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்ன மாதிரி தட்டு செய்து போட்டேன், வெட்டு அருமை. ஆனால் மேசை மேல் மரத்தூள் குவிகிறது, போன வாரம் பிளாஸ்டிக் கருகும் வாடையும் வந்தது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: முன்பு அந்தப் பெரிய துவாரம் வழியாகத்தான் தூள் கீழே போனது, அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். பிளேட்டுக்குப் பின்னால் 4 மி.மீ. ஓட்டைகள் நாலைந்து போடுங்கள், தூள் உறிஞ்சும் குழாய்க்குக் கொஞ்சம் வழி கிடைக்கும். கருகல் வாடை வந்தால் பிளேடு தட்டில் உரசுகிறது என்று அர்த்தம். பிளேடு மாற்றினீர்களா, பிளேடு விலகாமல் பிடிக்கும் கைடைத் திருப்பினீர்களா, மேசையைச் சாய்த்தீர்களா? இதில் எது செய்திருந்தாலும் பழைய வெட்டு பொருந்தாது, வேறு தட்டுதான் போட வேண்டும். அதனால்தான் நான் உட்காரும்போதே ஆறு தட்டு அறுத்து வைத்துக்கொள்கிறேன், வெட்டை மட்டும் அந்தந்த பிளேடு மாட்டிய பிறகு போட்டு, பேனாவால் பிளேட்டின் அகலத்தைத் தட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன். சாய்த்து அறுப்பதற்கு ஒன்று தனியாக.