ஆடுகளோடு கட்டியிருக்கும் மாட்டுக்கும் புருசெல்லோசிஸ் தொற்றுமா?

ஒரே கொட்டகையில் வெள்ளாடுகளும் கறவை மாடுகளும் இருக்க, ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசுவதால் மாட்டுக்கும் நோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருச்சிதைவை உண்டாக்கும் கிருமி நோயான புருசெல்லோசிஸ்தான் காரணமென்றால், வரும். மாடுகளைப் பெரும்பாலும் தாக்குவது புருசெல்லா அபார்ட்டஸ் என்னும் கிருமிதான் என்றாலும், ஆடுகளுக்குரிய புருசெல்லா மெலிடென்சிஸ் மாட்டின் மடியிலும் தங்கிப் பாலோடு வெளியேறக்கூடும். மனிதருக்கு இதுவே கடுமையானது என்பதால் எனக்கு இந்தக் கலப்புத்தான் கூடுதல் கவலை.

வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் மாடு முகர்ந்து நக்கும்போதும், அவற்றோடு வெளிவந்த நீர் பட்ட வைக்கோலைத் தின்னும்போதும் கிருமி உள்ளே போகிறது. மாடு பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திற்குப் பின் கன்று வீசும். நஞ்சும் விழாமல் தங்கும். அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்று ஈன்றாலும் அது குணமானதற்கு அடையாளமன்று.

நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் இங்கே ஆகாது, நாய் இழுத்துப் போய்ப் பரப்பிவிடும். கையுறையோடு எடுத்துச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்துவிட்டு, ஆடு மாடு இரண்டின் இரத்தத்தையும் சோதிக்கக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவு வரும்வரை பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒருமுறை தடுப்பூசி போடப்படுகிறது. உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால் அதைக் காளைக்கும் சினைமாட்டுக்கும் போடுவதில்லை.